தம்பியைத் தேடிய மணல்

ஒரே மலைப்பாறையிலிருந்து உதிர்ந்து ஆற்றில் விழுந்தார்கள் அக்கா வெள்ளை மணலும் தம்பி சிவப்புக் கல்லும். வழியில் தம்பி தொலைந்துபோனதிலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'சாமி, அவனைக் கண்ணிலே காட்டு' என்று ஆற்றடியெல்லாம் உருண்டு தேடினாள்.

ஆறு தளர்ந்து நடக்கிற முகத்துவாரத்தில், கொழகொழவென்று ஒரு களிமண் வந்து அவள்மேல் ஒட்டியது.

"தள்ளிப் போ! நான் தம்பியைத் தேடணும்."

"எப்பவும் என்னை விரட்டுவே. மலையிலே மழை வந்தா மட்டும் என் பின்னாலே ஒளிஞ்சுக்குவே."

அக்கா உருள்வதை நிறுத்தினாள். "டேய், என்னடா இப்படி ஆயிட்டே?"

"நனைஞ்சு நனைஞ்சு கரைஞ்சிட்டேன் அக்கா. உனக்கிருக்கிற கெட்டி உடம்பா எனக்கு?"

"கடல் வந்தாச்சு, வர்றியா?" என்று ஆறு கூப்பிட்டது.

"நீ முன்னாலே போம்மா. இவன் பிடியை விட்டதும் வர்றேன்."

அந்த இடத்தில் இப்போது மணலும் களிமண்ணும் இறுகிய ஒரு பாறை இருக்கிறது.