பின்னால் வந்த ஜீப்

காட்டு ஓட்டம், துடுப்புப் படகு, மலைப்பாதையில் சைக்கிள் என்று மூன்று கட்டமாக நடந்த போட்டி அது. எஸ்தர் சைக்கிளில் ஏறியபோது அவளுக்குப் பின்னால் ஒரு ஜீப் மட்டும்தான் இருந்தது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்வது அதன் வேலை. அதில் ஏறினால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள்.

பாதி மேட்டில் சைக்கிளின் செயின் அறுந்தது. எஸ்தர் இறங்கித் தள்ளினாள்.

"ஏறிக்கோ," என்றது ஜீப். "மத்தவங்க சாப்பிட்டுக் கையே கழுவியிருப்பாங்க."

"எங்களுக்குப் பசிக்கல," என்றது சைக்கிள்.

"செயினே இல்ல. இன்னும் என்ன வீம்பு?"

"சக்கரம் ரெண்டும் இருக்குல்ல."

ஜீப் உறுமிக்கொண்டே பின்னால் வந்தது. உச்சியைத் தொட்டதும் எஸ்தர் ஏறி உட்கார்ந்தாள். இறக்கத்தில் செயின் தேவைப்படவில்லை. பாறைகளுக்கு நடுவே ஜீப்தான் தடுமாறித் தடுமாறி இறங்கியது.

எல்லைக்கோட்டில் கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதானே கடைசி? நான் இறங்கட்டுமா?" என்று கேட்டது கொடி.

கோட்டைத் தாண்டி நின்ற சைக்கிள் ஹேண்டில்பாரைத் திருப்பி மலையைப் பார்த்தது.

"கொஞ்சம் பொறு. பின்னால ஒருத்தர் வர்றார்."