லாஸர் ஐயா ஊற்றிய தண்ணீர்

மைனஸ் பதினெட்டு டிகிரி குளிரில், வாசற்படியில் யாராவது தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுவார்களா?

லாஸர் கொட்டினார்.

ரிடையர் ஆன பஸ் டிரைவர். தரைத்தளத்தில் தனிக்கட்டை. வழுக்கி விழக் கூடாதே என்று ரூசே நகரமே ஷூவுக்கு மேல் சாக்ஸ் மாட்டிக்கொண்டு நடந்த அந்த வாரத்தில், இவர் மட்டும் தினமும் காலையில் கதவைத் திறந்து படியில் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார்.

முதல் நாள் ஒரு குவளை. ஓடுவதற்குள் உறைந்துவிட்டது. மறுநாள் ஒரு பானை. அதுவும் பாதி வழியில் உறைந்தது. மனிதருக்கு ரோஷம் வந்து வாளியைத் தூக்கிவிட்டார்.

தபால்காரர் விழுந்தார். இரண்டாம் மாடி யோர்தாங்காவின் நாய் வயிற்றால் சறுக்கிக்கொண்டே கேட் வரை போய், திரும்பி வர மறுத்துவிட்டது.

இன்று காலை விழுந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிளாமன். டை கட்டி, பெட்டியோடு கிளம்பியவர், பின்னால் 'சளார்' என்று சத்தம் கேட்டுத் திரும்பினார். அவ்வளவுதான். வலது கை முறிந்தது.

சாயங்காலமே மாடிப்படியில் அவசரக் கூட்டம். மேல்படியில் கட்டுப் போட்ட கையோடு பிளாமன். அவர் தோளில் கோட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு மனைவி ரலிட்சா. கீழ்ப்படியில் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லாஸர்.

"பெரியவரே, எங்க மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்றார் பிளாமன்.

"கோபமா? எனக்கு என்ன தம்பி கோபம்?"

"அப்புறம் எதுக்குத் தண்ணி ஊத்தறீங்க?"

லாஸர் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊத்தறதுதான் ஊத்தறீங்க, ஐஸ் உருக மேல ரெண்டு பிடி உப்பாவது போடக்கூடாதா?" என்றாள் யோர்தாங்கா.

"ஐயையோ, உப்பா? உப்புப் போட்டா பலிக்காதும்மா!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். யோர்தாங்கா விடுவாளா?

"பலிக்காதா? ஓகோ! பரீட்சைக்குப் போறவங்க, ஊருக்குப் போறவங்க பின்னால ஊத்துவோமே, போற காரியம் தண்ணி மாதிரி ஓடணும்னு... அந்தத் தண்ணியா இது?"

லாஸர் குல்லாவைத் தலையில் மாட்டி, மறுபடி கழற்றினார்.

"உங்க வீட்டிலேர்ந்து யாரு ஐயா போறா? வீட்டம்மா போய்ச் சேர்ந்தாச்சு. பையன் ஸ்பெயின்ல. ஒரு பூனைகூடக் கிடையாது."

"நான்தான் போறேன்."

"எங்க?"

"ரொட்டிக் கடைக்கு."

"உங்க முதுகுக்குப் பின்னால நீங்களே ஊத்திக்கிறீங்களா? ஒரு ரொட்டி வாங்க ஒரு வாளி ராசியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிளாமன் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க! பென்ஷன் வாங்கிட்டு அடுப்போரமா உக்காந்திருக்கிற ஆளா நான்? எனக்கு ஆபீஸ் இருக்கு. நான் ஒரு நாள் போகலைன்னா அங்க ஒரு வேலை நடக்காது!"

ரலிட்சா தரையைப் பார்த்தாள்.

"பெரியவருக்கு மூளை கலங்கிடுச்சு," என்றார் பிளாமன். "நாளைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் அவர் பையனுக்கு போன் போட்டு, முதியோர் இல்லத்துல சேர்க்கச் சொல்லிடுவேன். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். பிளாமன் இடது கையைத் தூக்கினார்.

லாஸருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதியோர் இல்லம் என்றாலே அவருக்குக் கிலி. மனைவி கண் மூடிய வீட்டில்தான் தானும் கண் மூட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். பையன் எத்தனையோ முறை கூப்பிட்டும் ஸ்பெயினுக்கே போகாதவர்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு தம்பி. அப்புறம் சத்தியமா வாளியைத் தொடமாட்டேன்."

"பாத்தீங்களா? இவ்வளவு சொல்லியும் நாளைக்கு ஊத்தணுமாம்!"

தலையில் அடித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

கொஞ்ச நேரத்தில் லாஸரின் கதவை யாரோ மெதுவாகத் தட்டினார்கள். ரலிட்சா. கையில் ஒரு தட்டு நிறையச் சுடச்சுட பனிட்சா. உள்ளே வைத்த சீஸ் ஓரமெல்லாம் உருகி வழிந்திருந்தது.

"நானும் கையைத் தூக்கிட்டேன் ஐயா. மன்னிச்சிடுங்க."

"தூக்காம இருந்தாத்தான் சந்தேகம் வந்திருக்கும். உள்ள வாம்மா, குளிருது."

"வேண்டாம், அவர் தேடுவார். நாளைக்கு நீங்க ஊத்தாதீங்க ஐயா. உங்களை இல்லத்துக்கு அனுப்பிட்டாங்கன்னா எனக்கு மனசு ஆறாது."

"நாளைக்குத்தானே தம்பிக்குச் சர்க்கரை ஆலையில இன்டர்வியூ?"

"ஆமா. பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு ரகசியமா போன்ல பேசிட்டிருந்தது என் காதுல விழுந்துச்சு." ரலிட்சா மாடிப்படியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். "நானே ஊத்தலாம்னா, தினமும் போற ஆபீசுக்கு எதுக்குடி ராசின்னு கேப்பார். வேலை போனது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் நொறுங்கிடுவார் ஐயா. அதான் அவர் வேலை தேடிக் கிளம்பறப்ப தினமும் ஊத்தச் சொல்லி உங்க காலைப் பிடிச்சேன்."

லாஸர் தட்டை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிரம்பும் சத்தமும் கேட்டது.

ரலிட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள். பாதியில் நின்று, திரும்பி இறங்கி வந்து, கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் ஓரமா ஊத்துங்க ஐயா... அவருக்கு இன்னும் ஒரு கைதான் மிச்சம் இருக்கு."