அறுபது மீட்டர்

"மூணு தடவை கேட்டேன்..."

"மூணு தடவையும் முடியாதுன்னுதானே சொன்னேன்?"

கணவன் ட்ரோன் பெட்டியை மேசைமேல் வைத்தான். மனைவி வந்ததும் வராததுமாகக் காலைப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது மாடிக் கட்டடம். மொட்டைமாடியைப் படம் எடுக்க அறுபது மீட்டர் ஏத்தணும். முப்பதுலயே நிறுத்தினேன், பாதிக் கட்டடம்தான் படத்துல விழுந்தது. வேலையை வேறொருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. இந்த மாசத்துல இது மூணாவது."

"அவன் மட்டும் ஏத்துவானா?"

"ஏத்துவான். அவன் யாரையும் கேக்க மாட்டான். கேக்காம ஏத்த எனக்கும் தெரியும்."

"பக்கத்துல ஏர்போர்ட். விமானத்துல வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"உன் பயத்துக்காக நான் பொழப்பை விடணுமா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். 'விமானக் கட்டுப்பாட்டு அறை, ட்ரோன் அனுமதிப் பிரிவு' என்றிருந்தது அதில்.

"பயம் இல்லைங்க. அந்தக் கட்டடத்துக்கு மேல பறந்துதான் எல்லா விமானமும் இறங்குது. எட்டு மணி நேரமா அதைத்தான் பார்த்துட்டு வரேன்."

அவன் குரல் தாழ்ந்தது.

"நிஜத்தைச் சொல்லு. உயரத்தைப் பார்த்து முடியாதுன்னு போட்டியா, இல்ல, புருஷனுக்குச் சலுகைன்னு நாலு பேர் பேசுவாங்கன்னு போட்டியா?"