தொண்டைக்கு இதமாக

சின்னவனுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

பதினொரு மணிக்கு அண்ணன் வழக்கு. பேருந்துப் பணிமனையில் பட்டப்பகலில் பதினாறு பேட்டரிகளை அண்ணன் தூக்கியதைக் கண்ணால் கண்ட ஒரே ஆள், பக்கத்துப் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர் அம்மாள். அன்று "திருடன், திருடன்" என்று கத்தியதில் அவருக்குத் தொண்டை ரணமாகி, குரல் வெறும் காற்றாகிவிட்டது. இரண்டு வாய்தா போயாயிற்று. இன்றும் அவர் பேசாவிட்டால் அண்ணனை வெளியே எடுத்துவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அன்று பணிமனை வாசலில் காவல் நின்ற தன்னை அந்த அம்மாள் கவனிக்கவே இல்லை என்று சின்னவன் நம்பினான்.

அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அவர் வைத்தியம் பார்த்துக்கொள்வது அண்ணி மருந்து கலக்கும் கிளினிக்கில்!

"அண்ணி, குரலைக் கட்டுறதுக்கு நான் கொடுத்த பொட்டலம் என்னாச்சு?" மருந்தறைத் திரைக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தான்.

"சத்தம் போடாதீங்க தம்பி." அண்ணி அதிமதுரச் சாற்றில் கிளிசரினும் தேனும் விட்டுக் கொழகொழவென்று கலக்கினாள். "புண்ணு மேல அப்படியே போர்வை மாதிரி படிஞ்சுக்கும்."

"அது ஊருக்குச் சொல்றது. உள்ள என்ன போட்டீங்க?"

"அவங்க தொண்டைக்கு எது தேவையோ அதைப் போட்டாச்சு."

சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அண்ணிக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

வெளியே அறிவிப்பாளர் இரண்டு ஸ்பூன் விழுங்கிக் கண்ணை மூடினார். "பட்டு மாதிரி இறங்குதும்மா," என்றார் காற்றுக்குரலில்.

"சாட்சி சொல்ற வரைக்கும் வாயே திறக்காதீங்க. கோர்ட்டுக்கு நானும் வர்றேன். கூண்டுல ஏறுறதுக்கு முன்னால இன்னும் ரெண்டு ஸ்பூன் தர்றேன்," என்றாள் அண்ணி.

அந்த அக்கறையைக் கேட்டுச் சின்னவனுக்குப் புல்லரித்தது. அண்ணி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் அண்ணியின் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தான். சொன்னபடியே அண்ணி மருந்தை ஊட்டிவிட்டு வந்தாள். அறிவிப்பாளர் கூண்டேறி, தொண்டையை ஒருமுறை செருமினார்.

குரல் கணீரென்று கூரையில் மோதியது.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு! பேட்டரிகளைத் தூக்கியவர் எதிர்க்கூண்டில் நிற்கிறார். அவருக்குக் காவல் நின்றவர் கடைசி பெஞ்சில், இடமிருந்து இரண்டாவதாக அமர்ந்திருக்கிறார்!"

மன்றமே வெடித்துச் சிரித்தது. நீதிபதி கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு போலீஸ்காரர்கள் சின்னவனை அலாக்காகத் தூக்கினார்கள்.

"அண்ணி! மருந்து வேலை செய்யலையே அண்ணி!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"நல்லாத்தானே செஞ்சுது? எட்டு வருஷமா திருட்டு பேட்டரிக்கு மேலதான் கட்டில் போட்டுப் படுக்கறேன், போதும்," என்ற அண்ணி, பாட்டிலை அவன் சட்டைப்பையில் செருகினாள். "மிச்சம் இருக்கு, ரெண்டு ஸ்பூன் குடிச்சுக்கோங்க தம்பி, ஸ்டேஷன்ல நிறையப் பேச வேண்டியிருக்கும்."