காலடித் தலை

அரசர் சிலையின் காலடியில் மிதிபடும் பகைவன் தலையை மூன்றாம் முறையாக மாற்றிச் செதுக்கினேன். முதலில் அங்கே கிடந்தவர் பெண்ணைக் கொடுத்து மாமனாராகிவிட்டார். அடுத்தவர் யானைகளை அனுப்பிச் சிநேகிதராகிவிட்டார். இப்போது அரசரின் சொந்தத் தம்பி, படை திரட்டுகிறானாம். சீவிச் சீவி அந்தத் தலை தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

"இதோடு சரி, ஆரூரரே! அடுத்த தடவை வந்தால் உளியை உம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன்," என்று அரண்மனை அதிகாரியிடம் கத்தினேன். "செதுக்க இனிக் கல் கிடையாது."

மறுவாரமே வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"கல் கிடையாது என்றேனே!"

அவர் அண்ணாந்து அரசரின் அகன்ற முகத்தைப் பார்த்தார்.

"மேலே இருக்கிறதே," என்றார். "சாரம் கட்டும்."