பெயர் தைத்த சட்டை

மேசைமேல் டால்டன் ரூக்கரின் பெயர் தைத்த சட்டை கிடந்தது. ஆனால் டால்டனை எடுக்கும் எண்ணம் டுலூத் அணியின் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

கல்லூரி வீரர்களை அமெரிக்கக் கால்பந்து அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நாள் அது. மூன்றாம் இடம் டுலூத் அணிக்கு. டால்டன் குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். அவன்மேல் டுலூத்துக்கு ஆசை என்று ஊர் நம்பினால், அவனுக்காக ஏங்கும் வேறோர் அணி எதைக் கொடுத்தாவது அந்த இடத்தை வாங்கிக்கொள்ளும். சட்டை தைத்தது பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படத்தான்.

உரிமையாளர் ஹார்லன் ஸ்டென்செத் போன வாரம் நெப்ராஸ்காவுக்குப் போய் டால்டனின் பண்ணை வீட்டில் சாப்பிட்டதும் அதற்காகத்தான். அவன் உடற்சோதனையெல்லாம் குளிர்காலத்திலேயே முடிந்திருந்தது. இது வெறும் மரியாதை விருந்து. தாய் வெர்னா, வளர்ந்த மகனுக்கு இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். ஒரே பிள்ளை, செல்லம் என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, "உங்க பையன் இனி எங்க வீட்டுப் பையன்ம்மா. இது ஸ்டென்செத் குடும்பத்து வாக்கு" என்றார். அவள் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் நின்றுவிட்டாள்.

அந்த முகம்தான் ஒரு வாரமாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது. அணியின் மேலாளரும் அவருடைய மருமகனுமான ராய்ஸ் எடுத்துப் பேசினான். பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"மாமா, டல்சா அணிக்காரன் நம்ம வலையில விழுந்துட்டான். நம்ம மூணாவது இடத்தைக் கொடுத்துட்டு அவனோட ஒன்பதாவது இடத்துக்கு இறங்கினாப் போதும். அடுத்த வருஷம் அவனோட முதல் தேர்வையும் தர்றானாம்."

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹார்லன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அது வியாபாரப் பேச்சு மாமா. இந்த மாசத்துல எவன் உண்மை பேசுறான்?"

"எங்கப்பா பேசினார்."

ராய்ஸ் மன்றாடினான். முன்வரிசையில் நிற்கத் திடமான ஆள் இல்லை, தடுப்பாளர்கள் வேண்டும், இப்படி ஒரு பேரம் இனி வராது என்றான். "உங்க கௌரவத்துக்காக மொத்த அணியும் தோக்கணுமா?" என்றும் கேட்டுவிட்டான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"தோத்தா அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம். போன பேரு திரும்பாது. டால்டன் பேரை அனுப்பு."

டால்டனின் பெயர் போயிற்று. தேர்வானவன் வீட்டுக்கு உரிமையாளரே பேசுவது வழக்கம். ஒரு வார உறுத்தல் நீங்கி நெஞ்சு லேசாகி, ஹார்லன் நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணை அழுத்தினார். வெர்னாதான் எடுத்தாள்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்ம்மா."

அவள் அழுவது கேட்டது. சந்தோஷம் என்று நினைத்து அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"நீங்க சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டுப் போறீங்கன்னுதான் நான் வாயைத் திறக்கல, ஐயா" என்றாள் வெர்னா. "போன மாசம் வைக்கோல் கட்டு தூக்கினதுலேர்ந்து அவனுக்கு வலது கை தோளுக்கு மேல ஏறவே மாட்டேங்குது."