பூட்டிய கம்ப்யூட்டர்

“இதுக்குள்ளே எவனும் நுழையலை மேடம். நுழையவும் முடியாது.”

கணக்கு வாத்தியார் தம் லேப்டாப்பைத் தலைமையாசிரியையின் பக்கம் திருப்பினார். யார், எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பட்டியல் திரையில் ஓடியது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர் பெயர்தான்.

“அப்புறம் எப்படி சார் பத்தாங்கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பேரும் நூத்துக்கு நூறு? கூட்டலுக்கே விரல் விட்டு எண்ணுறவன்கூட முழு மார்க் வாங்கியிருக்கான்!”

“இது மத்தவங்க வச்சிருக்கிற ஓட்டை சிஸ்டம் இல்லை மேடம். ஆப்பரேட்டிங் சிஸ்டமே வேற. வைரஸ் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காது. கேள்வித்தாள் வெளியே போயிருந்தா, நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான். ஜெராக்ஸ் போட்டது யாரு?”

ஜெராக்ஸ் போட்டவர் அலுவலக உதவியாளர். இருபத்திரண்டு வருஷமாக இடுப்பில் கொத்துச் சாவியோடு நடப்பதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். சுவரோரம் நின்றிருந்தவர் ஓரடி முன்னால் வந்தார்.

“சத்தியமா நான் ஒரு கேள்வியைக்கூடப் படிக்கலை சார். ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வச்சுக்கிட்டிருக்கேன்...”

“அதை விசாரணையில சொல்லிக்குங்க.”

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்குள்ளே புகாரை எழுத்துல கொடுங்க சார். இன்னிக்கே இவரை சஸ்பெண்ட் பண்ணிடறேன்.”

வாத்தியார் தம் அறைக்குப் போனார். பத்தாம் வகுப்பை ஒட்டிப் பலகையால் தடுத்த சின்ன அறை அது. கதவைத் தாழிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காதபடி முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தார்.

பொருள், பார்வை, நாள் என்று முறையாக ஆரம்பித்து, நாலு பாரா அடித்து முடித்தார். தொண்டை வறண்டுபோயிருந்தது. பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்தார்.

வெளியே வராந்தாவுக்குத் தலைமையாசிரியை அப்போதுதான் வந்திருந்தார். பெஞ்சில் சாவிக்காரர், கொத்துச் சாவியைக் கழற்றி மடியில் வைத்தபடி.

“பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கேன் மேடம்,” என்றார் வாத்தியார், மூடிய லேப்டாப்பைத் தட்டி. “உங்க ரூம்லதான் திறப்பேன். அதுவரைக்கும் இதுல என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

சாவிக்காரர் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

“வேலை போனாப் போகட்டும் சார். ஆனா மூணாவது பாராவுல தேதி தப்பு. நீங்க கேள்வித்தாளை என்கிட்ட கொடுத்தது பதினாலாம் தேதி இல்லை, பதினாறு.”

வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“மூடியிருக்கிறதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாவிக்காரர் தயங்கிச் சொன்னார்:

“நீங்க வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே சார் அடிப்பீங்க?”